நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்குப் பாறைகளில் சான்று இருக்கிறதா?

நெல்லைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு சகோதரர் படம் போட்டு வகுப்பு எடுத்தார். ஜலப்பிரளயம் உலகம் முழுக்க நடந்தது, அதற்குப் பாறைகளே சாட்சி என்பதுதான் தலைப்பு. எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரிகளின் படிவம் இருக்கிறது, பழைய இனங்கள் பலவற்றிடம் வெள்ளக் கதை இருக்கிறது, பூமிக்கு அடியில் சமுத்திரத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள், துருக்கியில் கப்பல் வடிவத்தில் ஒரு மேடு இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். அங்கே உட்கார்ந்து கேட்டபோது மறுக்க எதுவும் தோன்றவில்லை. நிலவியல் படித்தவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. நான் வணிகவியல் மாணவன், அதனால் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள். வேதத்தை நான் நேசிக்கிறேன், கிண்டல் மட்டும் வேண்டாம்.

கல்லும்மண்ணும்:
கிண்டலுக்கு இங்கே வேலையே இல்லை தம்பி. நேராகவே சொல்லிவிடுகிறேன்: உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் மூடிய வெள்ளத்துக்கு நிலவியலில் சான்று இல்லை. பெரிய பெரிய வெள்ளங்களுக்குச் சான்று நிறைய இருக்கிறது, ஆனால் அவை வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு காலத்தில் வந்தவை.

சான்று இல்லை என்று சொன்னால் எதைத் தேடினார்கள் என்றும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க ஒரு நிகழ்வு நடந்தால் எல்லாக் கண்டங்களிலும் ஒரே வயதுள்ள ஒரு தடம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தடம் ஒன்று உண்மையிலேயே நம்மிடம் இருக்கிறது. 1980இல் லூயிஸ் ஆல்வரெஸ், அவர் மகன் வால்டர் ஆல்வரெஸ், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கை ஆராய்ந்து அதில் இரிடியம் (பூமியின் மேற்பரப்பில் அரிதான, விண்கற்களில் அதிகம் உள்ள உலோகம்) அளவுக்கு மீறி இருப்பதாக எழுதினார்கள். டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் அதே வயது அடுக்கில் அதே இரிடியம் கிடைத்தது. பிறகு நூற்றுக்கணக்கான இடங்களில், கடலடியிலும் நிலத்திலும், அதே அடுக்கைக் கண்டார்கள். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லின் தூசு அது. மெக்சிகோவில் அது விழுந்த இடமான சிக்சுலுப் பள்ளமும் கிடைத்தது.

அவ்வளவு பழைய நிகழ்வு சில சென்டிமீட்டர் களிமண்ணாகப் படிந்ததையே கண்டுபிடிக்க முடிகிறது என்றால், நாலைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓராண்டுக் காலம் மலைகளையே மூடிக் கிடந்த தண்ணீர் விட்டுப்போன சேறு எங்கே? ஆற்றுச் சமவெளி, ஏரி, குகை, கடலடி என்று எங்கே துளை போட்டாலும் அந்த வயதில் பொதுவான ஓர் அடுக்கு கிடைப்பதில்லை. வேத வம்சவரலாற்றைக் கூட்டிப் பார்ப்பவர்கள் பிரளயத்தைப் பெரும்பாலும் கி.மு. 2350 ஒட்டி வைக்கிறார்கள். எகிப்தில் கீசா பிரமிடுகள் அதற்கு முன்பே கட்டி முடிந்துவிட்டன, அதற்குப் பிறகும் அரச வம்சம் அறுபடாமல் தொடர்கிறது. நடுவில் தண்ணீர் வந்து எல்லோரும் அழிந்து மறுபடி மக்கள் வந்து குடியேறியதற்கான அடையாளம் அங்கே இல்லை.

விசுவாசி77:
ஐயா, நீங்கள் தேடுகிற இடமே வேறு. மேலே ஒரு மெல்லிய அடுக்காகத் தேடுகிறீர்கள். பல கிலோமீட்டர் தடிமனில் கண்டம் கண்டமாகக் கிடக்கும் படிவுப்பாறைகள் முழுவதுமே பிரளயம் விட்டுப்போனவை என்பதுதான் எங்கள் வாதம். மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் எல்லாமே தண்ணீரில் படிந்தவைதானே? அடுக்குகள் படிய லட்சக்கணக்கான ஆண்டு வேண்டும் என்பதும் ஓர் அனுமானம்தான். 1980இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது ஒரே நாளில் 7 மீட்டருக்கு மேல் அடுக்கடுக்காகப் படிந்தது, கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் ஜாகின்ஸ் கடற்கரையில் மரங்கள் பல அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு நின்ற நிலையில் கல்லாகியிருக்கின்றன. ஓர் அடுக்கு படிய ஆயிரம் ஆண்டு ஆகும் என்றால் மரம் அதுவரை அழுகாமல் காத்துக்கொண்டிருக்குமா? ஆதியாகமம் 7ஆம் அதிகாரம் மழையை மட்டும் சொல்லவில்லை, மகா ஆழத்தின் ஊற்றுக்கண்கள் பிளந்ததைச் சொல்கிறது. பூமியே உடைந்த ஒரு பேரழிவு அது. அதைச் சாதாரண ஆற்று வெள்ளத்தோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடக் கூடாது.

அரியலூரான்:
நான் நிலவியல் பட்டம் வாங்கியவன் இல்லை, ஆனால் எங்கள் ஊர்ப் பாறையைப் பார்த்தே வளர்ந்தவன். அரியலூர், பெரம்பலூர் பக்கம் கடலில் இருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காரை ஓடைகளில் இன்றைக்கும் மழை பெய்து மண் அரித்தால் சுருள் சுருளாக அம்மோனைட் (பழைய கடல் உயிரியின் ஓடு கல்லானது) வெளியே வரும். சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி அடை அடையாகக் கிடக்கிறது. பிரளயத்துக்கு அத்தாட்சி என்று இதை எங்கள் ஊரிலேயே சிலர் காட்டுவார்கள்.

ஆனால் அந்தப் பாறைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரே வெள்ளம் என்று சொல்ல முடியாது. கல்லக்குடிப் பக்கம் பவளமும் பாசியும் வளர்ந்து கட்டிய பழைய திட்டுகளின் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பவளத்திட்டு தெளிந்த, ஆழமில்லாத, வெளிச்சம் படும் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக வளரும். உலகமே சேறாகக் கலங்கிக் கிடந்த ஓராண்டில் அது எங்கே வளரும்? அதற்கு மேலே காரைக் களிமண், ஆழமான கடலில் மெதுவாகப் படிந்தது. பிறகு கடல் ஆழம் குறைகிறது, மறுபடி கூடுகிறது. கல்லங்குறிச்சியில் சிப்பிப் படுகை. அதற்கும் மேலே கல்லமேட்டில் ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும், அதற்குள் டைனோசர் எலும்பு! கீழே கடல், மேலே ஆறு. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது நிலத்தில் நடக்கிற விலங்கு கடல் படிவுக்கு மேலே எப்படி வந்தது? பிளான்ஃபோர்ட், ஸ்டோலிச்கா போன்ற நிலவியலாளர்கள் 1860களிலேயே இந்த வரிசையை எழுதி வைத்துவிட்டார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 4 கோடி ஆண்டு வரலாறு, எங்கள் மாவட்டத்து ஓடைக்கரைகளில் விரிந்து கிடக்கிறது. இதை ஒரே ஆண்டுக்குள் அடக்கிச் சொன்னால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

கல்லும்மண்ணும்:
அரியலூரான் சொன்னதுதான் மையம். நன்றி.

விசுவாசி77 ஐயா, செயின்ட் ஹெலன்ஸ் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சில அடுக்குகள் ஒரே நாளில் படியும், ஒரே மணி நேரத்தில்கூடப் படியும். ஜாகின்ஸ் மரங்களும் அப்படி வேகமாகப் புதைந்தவைதான். ஆனால் அவை சும்மா மிதந்து வந்து செருகிக்கொண்டவை அல்ல. வேர்கள் அடியில் இருக்கும் பழைய மண்ணுக்குள் பரவிக் கிடக்கின்றன. அந்தக் காடு புதைந்த பிறகு அதன் மேலே மண் உருவாகி இன்னொரு காடு வளர்ந்து அதுவும் புதைந்திருக்கிறது. செங்குத்தாக இப்படிப் பல காடுகள், ஒன்றின் மேல் ஒன்று. ஓராண்டு வெள்ளத்துக்கு நடுவில் காடு வளர நேரம் எங்கே இருக்கிறது?

படிவுப்பாறை எல்லாமே தண்ணீரில் படிந்தவை என்பதும் சரியில்லை. காற்று குவித்த பாலைவன மணல்மேடுகள் அப்படியே கல்லாகி, அதில் சிறு விலங்குகள் நடந்த கால் தடங்களோடு இருக்கின்றன. வெயிலில் வெடித்த சேறு, மழைத்துளி விழுந்த தடம், மண்புழு துளைத்த வளை, இவையெல்லாம் கல்லாகி அடுக்குகளுக்கு நடுவில் கிடக்கின்றன. எனக்கு எல்லாவற்றிலும் வலுவாகப் படுவது உப்பு. மத்தியதரைக் கடலின் அடியில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகத் தடிமனில் உப்புப் படுகை கிடக்கிறது. சுமார் 59 லட்சம் ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடையில் அட்லாண்டிக்கோடு இருந்த வாசல் அடைபட்டு அந்தக் கடல் வற்றியபோது படிந்தது. கடல்நீர் ஆவியாகிச் சுண்டினால்தான் உப்பு இறங்கும். அந்த உப்புக்கு மேலேயும் கீழேயும் சாதாரணக் கடல் படிவு இருக்கிறது. வெள்ளத்தின் நடுவில் கடல் வற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

எவரெஸ்ட் பற்றி. உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல், 45 கோடி ஆண்டுக்கும் பழையது, டிரைலோபைட், கடல் அல்லி போன்ற பழைய கடல் விலங்குகளின் துணுக்குகள் அதில் உண்டு. உண்மை. ஆனால் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தால் சிப்பி மலையின் மேல் கிடக்க வேண்டும். இங்கே மலையே கடலடித் தரையால் ஆனது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியத் தட்டோடு மோதத் தொடங்கி அந்தத் தரை மடிந்து உயர்ந்தது, இன்றைக்கும் உயர்கிறது. நேபாளத்துக் கண்டகி நதியில் எடுக்கும் சாளக்கிராமமும் இதே கதைதான், இமயம் எழும்புவதற்கு முந்தைய கடலில் வாழ்ந்த அம்மோனைட்.

கீழக்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு கருத்து. நூஹ் நபியின் வரலாறு குர்ஆனில் பல இடங்களில் வருகிறது, ஹூத் அத்தியாயத்தில் விரிவாக வருகிறது, கப்பல் ஜூதி மலையில் தங்கியதாக இருக்கிறது. அவர் தம் சமூகத்தாரிடம் அனுப்பப்பட்டவர், தண்டனையும் அந்தச் சமூகத்துக்கு வந்தது என்று படிக்கும் அறிஞர்கள் உண்டு, உலகம் முழுக்க என்று படித்தவர்களும் உண்டு. நான் முதல் வகை. அப்படிப் படித்தால் எனக்குப் பாறையோடு மோதல் எதுவும் இல்லை. யூப்ரடீஸ், டைகிரீஸ் சமவெளியில் பெரிய வெள்ளத்துக்குத் தடம் கிடைத்ததாகப் படித்தேன். அதைப் பற்றி யாராவது விளக்குங்கள்.

வான்மதி:
நான் தொல்லியல் மாணவி, இது என் பாடத்துக்குள் வருகிறது. 1929இல் தொல்லியலாளர் லெனார்ட் வூலி ஈராக்கில் ‘ஊர்’ (Ur) என்ற பழைய நகரத்தில் ஆழமாகத் தோண்டியபோது சுமார் 3 மீட்டர் தடிமனுக்குச் சுத்தமான வண்டல் வந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் மனிதர் வாழ்ந்த தடயம். நோவாவின் வெள்ளம் கிடைத்துவிட்டது என்று அப்போது செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் எரிடுவில் அந்த வண்டல் இல்லை. கிஷ், ஷுருப்பக் நகரங்களில் வெள்ளப் படிவு இருக்கிறது, ஆனால் அது ஏறக்குறைய கி.மு. 2900 காலத்தது, ‘ஊர்’ நகரத்தில் கிடைத்தது அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. ஆறு அடிக்கடி கரை உடைத்த நாடு அது. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு வெள்ளம்.

இதில் ஷுருப்பக் முக்கியம். களிமண் பலகைகளில் எழுதப்பட்ட மெசப்பொத்தேமியாவின் பழைய கில்கமெஷ் காவியத்தில் கப்பல் கட்டித் தப்பிக்கும் உத்னபிஷ்டிமின் ஊர் ஷுருப்பக்தான். அந்தக் கதை உள்ள பலகையை 1872இல் ஜார்ஜ் ஸ்மித் பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்து வெளியிட்டார். கப்பலுக்குத் தார் பூசுவது, பறவையை அனுப்பிப் பார்ப்பது, மலையில் தட்டி நிற்பது, கடைசியில் பலி செலுத்துவது எல்லாம் அதில் இருக்கிறது. சமவெளியில் வாழ்ந்தவனுக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீராக நின்றால் அது உலகமே மூழ்கியதாகத்தான் தெரியும். அந்த நினைவில் இருந்து கதை வளர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து.

கருங்கடல் பற்றியும் அடிக்கடி கேட்பார்கள். 1997இல் வில்லியம் ரயானும் வால்டர் பிட்மனும், மத்தியதரைக் கடல் பாஸ்பரஸ் நீரிணை வழியாக உடைத்துப் பாய்ந்து கருங்கடல் ஏரியை மூழ்கடித்தது, அதுதான் நோவா கதையின் வேர் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டான்யூப் கழிமுகத்தில் துளையிட்டு 2009இல் வந்த ஆய்வு, நீர்மட்டம் உயர்ந்திருந்தாலும் 5 முதல் 10 மீட்டர் அளவில்தான் இருந்திருக்கும் என்றது. இன்னும் விவாதம் ஓடுகிறது.

விசுவாசி77:
கதை ஈராக்கில் பிறந்தது என்றால் சீனாவிலும், அமெரிக்கப் பழங்குடிகளிடமும், நம் மச்ச அவதாரத்திலும் எப்படி வந்தது? எல்லோரும் ஒரே குடும்பத்தில் இருந்து பிரிந்து போனதால் வந்தது என்பது எனக்கு நேரான விளக்கமாகத் தெரிகிறது. தண்ணீர் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கும் இப்போது பதில் இருக்கிறது. பூமிக்கு அடியில் கடல்களை விட அதிகத் தண்ணீர் இருப்பதாக விஞ்ஞானிகளே சொல்கிறார்கள்.

கல்லும்மண்ணும்:
அந்தச் செய்தியின் மூலத்தைப் பாருங்கள் ஐயா. பிரேசிலில் எடுத்த ஒரு சிறிய வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துணுக்கு இருந்ததாக 2014இல் ஆய்வு வெளியானது. அதன் எடையில் ஏறக்குறைய 1.5 சதவீதம் நீர். அந்தக் கனிமம் ஏறக்குறைய 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது, அதனால் அங்கே மொத்தமாகக் கணக்குப் போட்டால் பெரிய அளவு வரும். ஆனால் அது தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை. கல்லின் படிக அமைப்புக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிணைந்து கிடக்கின்றன. ஊற்றாகப் பொங்கி வர அங்கே திரவமே கிடையாது. அந்தச் சூட்டில் இருந்து அவ்வளவு நீரை ஓராண்டுக்குள் மேலே கொண்டுவந்தால் நோவாவின் பேழைக்கு அடியில் இருப்பது கொதிக்கும் நீராவியாக இருக்கும்.

அளவையும் பாருங்கள். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். அதுவரை நிரப்பக் கூடுதலாக ஏறக்குறைய 440 கோடி கன கிலோமீட்டர் நீர் வேண்டும். இன்றைய கடல்கள் எல்லாம் சேர்ந்தே 133 கோடிதான். காற்றில் இருக்கும் ஈரம் முழுதும் மழையாகக் கொட்டினால் சராசரி 25 மில்லிமீட்டர். துருவப் பனி அத்தனையும் உருகினால் கடல் 65 மீட்டர் அளவு ஏறும். மலைகள் அன்று தாழ்வாக இருந்தன, பிரளயத்தின்போது தட்டுகள் வேகமாக நகர்ந்து உயர்ந்தன என்று ஜான் பாம்கார்ட்னர் போன்ற, பிரளயத்தை ஆதரிக்கும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஓராண்டில் கண்டங்களை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் புதுக் கடலடியை உருக்கி ஊற்றினால் வெளிவரும் வெப்பம் கடலைக் கொதிக்க வைத்துவிடும். இந்த வெப்பப் பிரச்சினைக்கு விடை கிடைக்கவில்லை என்பதை அந்தத் தரப்பு ஆய்வாளர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கதைகள் விஷயம். மனிதர்கள் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் வாழ்ந்தார்கள், அதனால் வெள்ளக் கதை வருகிறது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பாரசீக வளைகுடா தரையாக இருந்தது, நமக்கும் இலங்கைக்கும் இடையில் பாக் நீரிணையும் தரை. அந்தக் கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஏறி வந்து எத்தனையோ கரைகளை விழுங்கியிருக்கிறது. இதுவே நம் கடல்கோள் கதைக்கு வேர் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கரை மூழ்கிய அனுபவம் பல இனங்களுக்கு உண்டு.

இன்னொன்று. பெரிய வெள்ளம் என்றாலே நிலவியலாளர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் 1923இல் அப்படித்தான் எதிர்ப்பைச் சந்தித்தார். எரிமலைப் பாறையைக் குடைந்து போட்ட கால்வாய்களைப் பார்த்து இது ஒரு ராட்சத வெள்ளத்தின் வேலை என்றார், பெரியவர்கள் ஏற்கவில்லை. பிறகு ஜோசப் பார்டி, மிசோலா என்ற பனியுக ஏரி பனி அணை உடைந்து வெளியேறியதற்கான, தண்ணீர் தரையில் போட்ட ராட்சத அலைவரிகளைக் காட்டினார். அந்த வெள்ளம் பல முறை வந்தது என்று பின்னால் தெரிந்தது. 1979இல் பிரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியல் சங்கத்தின் உயர்ந்த பதக்கம் கொடுத்தார்கள், அப்போது அவருக்கு 90 வயதுக்கு மேல். சான்று இருந்தால் பிடிவாதம் உடையும். அது உடைய அவர் காட்டியது தரையில் கிடந்த தடத்தை.

சபை_ஊழியன்:
நான் ஒரு சபையில் ஊழியம் செய்கிறேன். ஒரு வரலாறு மட்டும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பிரளயத்துக்குச் சான்று தேடி முதலில் வெயிலிலும் மழையிலும் அலைந்தவர்கள் போதகர்களே. ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லண்ட் குருவானவர். 1821இல் யார்க்ஷயரின் கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி எலும்புகளை ஆராய்ந்து, பிரளயம்தான் மேலே உள்ள சேற்றைக் கொண்டுவந்தது என்று 1823இல் எழுதினார். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அவரே அதைக் கைவிட்டார், பிறகு பனிப்பாறைகள்தான் அந்த மேல்மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தன என்பதை ஏற்றார். கேம்பிரிட்ஜின் ஆடம் செட்ஜ்விக், அவரும் குருவானவர், 1831இல் லண்டன் நிலவியல் சங்கத் தலைவராகப் பேசியபோது எல்லா இடத்து வெள்ளப் படிவுகளையும் ஒரே பிரளயத்தோடு சேர்த்தது தவறு என்று சபையறிய விலகிக்கொண்டார். டார்வின் தம் நூலை வெளியிட இன்னும் 28 ஆண்டு இருந்தது. இவர்கள் இருவரும் சாகும்வரை விசுவாசிகளாகவே இருந்தார்கள். பாறைகள் முழுதும் பிரளயப் படிவு என்ற வாதம் மறுபடி பெரிதாகப் பரவியது 1961இல் விட்கோம், மாரிஸ் என்ற இருவரின் புத்தகத்துக்குப் பிறகுதான். ஒருவர் வேத ஆசிரியர், ஒருவர் நீரியல் பொறியாளர். அந்தப் புத்தகத்தின்மேல்தான் விசுவாசம் நிற்கிறது என்று நம் பிள்ளைகளிடம் சொன்னால், நாளைக்கு அவர்கள் கல்லூரியில் பாறையைப் பார்க்கும்போது விசுவாசத்தையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம்.

நெல்லைவாசி:
ஐயா, நீங்கள் எழுதியதை வாலிபர் குழுவில் பகிரலாமா? துருக்கிக் கப்பல் பற்றி யாரும் சொல்லவில்லையே.

சபை_ஊழியன்:
தாராளமாகப் பகிருங்கள்.

வான்மதி:
அது துருபினார் மேடு. அராரத் மலைக்குத் தெற்கே 30 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, 1959இல் வான்வழிப் படத்தில் துருக்கி ராணுவ அதிகாரி ஒருவர் கவனித்தார். அடுத்த ஆண்டே ஒரு குழு போய் வெடி வைத்துக்கூடப் பார்த்தது, மண்ணும் கல்லும்தான். சரிந்து வந்த சேறு ஒரு பாறை முகட்டைச் சுற்றி வழிந்து அந்த வடிவம் வந்தது என்பதுதான் நிலவியலாளர்கள் சொல்வது. மரம் என்று காட்டியவை இரும்புக் கனிமம். அராரத் மலையே ஓர் எரிமலை, 1840இல்கூட வெடித்தது.

விசுவாசி77:
என் விசுவாசம் யாருடைய புத்தகத்தின்மேலும் இல்லை, வார்த்தையின்மேல் இருக்கிறது, அதை நான் விடப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், வயது சொல்வதெல்லாம் கதிரியக்கக் கணக்கை நம்பித்தானே? அது பிழையானால் உங்கள் கோடிகள் எல்லாம் போய்விடும். எதைக் காட்டினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கல்லும்மண்ணும்:
நியாயமான கேள்வி. கதிரியக்கத்தை ஒதுக்கிவிட்டே எண்ணலாம். ஜப்பானின் சுய்கெட்சு ஏரி அடியில் ஆண்டுக்கு ஓர் இருண்ட பட்டையும் ஓர் வெளிர்ந்த பட்டையுமாகப் படிந்த வண்டல் பல்லாயிரம் ஆண்டுக்குக் கலையாமல் இருக்கிறது. ஜெர்மனியின் ஓக், பைன் மர வளையங்களைக் கோத்து 12,000 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இல்லாமல் எண்ணியிருக்கிறார்கள். கிரீன்லாந்துப் பனியைத் துளையிட்டு எடுத்த தண்டுகளில் ஆண்டு அடுக்குகள் பல்லாயிரம். பனி தண்ணீரில் மிதக்கும். உலகம் மூழ்கியிருந்தால் அந்தப் பனிப்படலம் தூக்கப்பட்டு உடைந்திருக்கும். மூன்றும் கி.மு. 2350ஐ அமைதியாகக் கடந்து போகின்றன.

எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். மகரந்தம். அது தூசு அளவுதான், காற்றிலும் நீரிலும் எங்கும் போகும். எல்லாத் தாவரமும் ஒரே வெள்ளத்தில் அடித்துப்போயிருந்தால் எல்லா அடுக்கிலும் பூச்செடியின் மகரந்தம் கலந்திருக்க வேண்டும். 30 கோடி ஆண்டுப் பழைய நிலக்கரியில் பெரணி வகைகளின் வித்துத்தூள் குவிந்து கிடக்கிறது, புல்லின் மகரந்தம் ஒன்றுகூட இல்லை. அந்த அடுக்கிற்குள்ளேயே, வெளியில் இருந்து கலக்கவில்லை என்று சோதித்து, புல் மகரந்தம் காட்டுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

விசுவாசி77:
கிராண்ட் கேன்யனின் மிகப் பழைய பாறையில் அப்படி மகரந்தம் எடுத்திருக்கிறார்கள். பர்டிக் என்பவர் 1960களிலேயே வெளியிட்டார்.

கல்லும்மண்ணும்:
தெரியும் ஐயா. அதே பாறைகளில் ஆர்தர் சாட்விக் மறுபடி மாதிரி எடுத்தார். அவர் உங்களைப் போலவே படைப்பையும் பிரளயத்தையும் நம்புகிறவர். வெளிக்காற்று படாமல் கவனமாக எடுத்துப் பல மாதிரிகளைச் சோதித்தார். மகரந்தம் இல்லை என்று அவரே எழுதிவிட்டார்.